ஒரு சாவி, ஆயிரம் பூட்டு

திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதில்தான் அதன் மானம் இருக்கிறது. ஒரே சாவி ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறக்குமானால், அதைச் செய்தவனை இங்கே தொழிலாளி என்று சொல்லமாட்டார்கள். வேறு பெயர் சொல்வார்கள்.

இந்தச் சின்ன நியாயம் கல்யாணப் படம் பிடிக்கிறவர்களுக்கு மறந்து போயிற்று என்பது என் குற்றச்சாட்டு. மறக்கச் செய்தவர்கள் நாம்தான் என்பது அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு.

என் தங்கை மகள் கல்யாணம் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆல்பம் வந்தது. அரக்குப் பட்டு செங்கல் நிறமாகியிருந்தது. பந்தியில் வாழையிலை நீலம் பாரித்துக் கிடந்தது. பின்னால் தெரிந்த சிறுமலைகூட வெளிறிப்போயிருந்தது. போகட்டும், மலைக்கு வருத்தமில்லை. ஆனால் என் பெரியம்மா?

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் இறங்கிப் பூப் பறித்தவள் அவள். அவளுடைய கறுப்பு, பிறவியில் பாதியும் வெயிலில் பாதியுமாக அவள் சம்பாதித்தது. ஆல்பத்தில் அரிசி மாவு பூசிய முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அடுத்த இரண்டாவது மாதம் பெரியம்மா காலமாகிவிட்டாள். கூடத்தில் மாட்ட எங்களிடம் இருந்த நல்ல படம் அது ஒன்றுதான். மாட்டினோம். அவள் மடியில் வளர்ந்த கொள்ளுப்பேரன் அண்ணாந்து பார்த்து, "இது யாரு?" என்று கேட்டான்.

படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். இருந்தவன் நல்ல பையன். மறைக்காமல் சொன்னான்: "மொத்தம் ரெண்டாயிரத்துச் சொச்சம் படம் ஸார். மேடையில பொண்ணோட படம் ஒண்ணைச் சரி பண்ணினேன். அதையே எல்லாத்துக்கும் போட்டுட்டேன். எல்லாரும் அப்படித்தான் ஸார் செய்றாங்க."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். இப்போதைய காமிராவில் 'ரா' என்று ஒரு கோப்பு உண்டு. அது அரிசி. நாம் பார்க்கும் ஜேபெக் படம் சோறு. ஜேபெக்கில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள். எவ்வளவு வெளிச்சம், எந்த வெண்மை, எந்தச் சாயல் என்று நாம் சொல்கிறபடி கம்ப்யூட்டர் அதைச் சமைக்கிறது. 2007-இல் வந்த லைட்ரூம் போன்ற மென்பொருள்களில், ஒரு படத்துக்குச் சொன்ன பக்குவத்தை ஒரே சொடுக்கில் ஆயிரம் படங்களுக்கும் சொல்லிவிடலாம்.

யந்திரம் செய்ததெல்லாம் பாவம் என்கிற கட்சியில் நான் இல்லை. சின்னாளபட்டியில் ஒரு ஜவுளிக்காரர் ஒரே விளக்கின் கீழ் இருநூறு சுங்குடிச் சேலைகளைப் படமெடுத்தால், ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கும் அதையே போடுவதுதான் யோக்கியம். தனித்தனியாகத் திருத்தினால் ஒரே பச்சை இரண்டு பச்சையாகிவிடும். ஒரே வெளிச்சத்துக்கு ஒரே பக்குவம். அதில் தவறே கிடையாது.

ஆனால் கல்யாணம் ஒரே வெளிச்சத்தில் நடக்கிறதா? மஞ்சள் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 3,000 கெல்வின். நடுப்பகல் வெயில் சுமார் 5,500. மர நிழல் அதற்கும் மேலே, நீலம் பாரித்தது. மேடை விளக்குக்குச் சொன்ன வெண்மையை வேப்பமர நிழலுக்கும் சொன்னால் வாழையிலை நீலிக்காமல் என்ன செய்யும்? அதோடு, மனிதத் தோலின் நிறம் ஆரஞ்சுச் சாயலில் அடங்குகிறது. பெண்ணைச் 'சிவப்பாக'க் காட்ட அந்தச் சாயலை வெளுத்தான் பையன். அந்த உத்தரவு பெரியம்மாவின் முகத்துக்கும் போயிற்று.

இது புதிய பாவமும் அல்ல. சென்ற நூற்றாண்டின் நடுவில், கோடக் கம்பெனி படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவளின் பெயரால் அதற்கு 'ஷர்லி அட்டை' என்றே பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் யந்திரம் சரி; உலகத்துக் கறுப்பர்களெல்லாம் அவளுக்கு அடங்கி அச்சாக வேண்டியதுதான். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வருவதற்கு 1990-கள் ஆயிற்று. அங்கே அட்டையை மாற்றிவிட்டார்கள். இங்கே நாம், கேட்பாரில்லாமலே, வீட்டுக்கொரு ஷர்லியைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

பையனைக் கோபிக்கப் போனவன் கேட்டேன்: "வெளுக்கச் சொன்னது யார்?"

அவன் தயங்கினான். "உங்க வீட்டுலதான் ஸார். 'எல்லாரையும் கொஞ்சம் சிவப்பாக் காட்டு'ன்னு சொன்னாங்க."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பேரம் பேசிக் கூலியைக் குறைத்தவனும் நான்தான். ரெண்டாயிரம் படம் வேண்டும், சீக்கிரம் வேண்டும், மலிவாக வேண்டும், வெளுப்பாகவும் வேண்டும் என்றால் அவன் ஒரு சாவிதானே செய்வான்?

நல்ல வேளை, ரா கோப்பு அவனிடம் இருந்தது. திருத்தமெல்லாம் தனியே ஒட்டிக்கொண்டிருக்கும் குறிப்புத்தான், மூலம் கெடுவதில்லை. குறிப்பை அழித்து, அந்த நிழலுக்கு ஏற்ற வெண்மையைச் சொன்னான். பத்தே நிமிஷம். பெரியம்மா கறுப்பாக, நெற்றிச் சுருக்கத்தோடு, வந்து உட்கார்ந்தாள்.

ஆகையால், அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் பெற்றோர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். இருநூறு படம் போதும் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் தனித்தனியாகத் திருத்தச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் படத்துக்கு ரா கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். 'கொஞ்சம் சிவப்பா' என்ற வார்த்தையை மட்டும் ஸ்டூடியோ வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போங்கள். திரும்பும்போது செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வாருங்கள்.