இன்லேண்டில் விழுந்த ஓட்டை

தபால்தலைகளும் பழைய உறைகளும் சேகரிக்கும் கோவை நண்பர் ஒருவர் தம் ஆல்பங்களைக் காட்டினார். ராணுவ அஞ்சல் முத்திரைகளுக்கென்றே ஒரு தனித் தொகுப்பு வைத்திருக்கிறார். உறைகளுக்குள் இருந்த கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் பொம்பளைங்க எழுதுன வீட்டு சமாச்சாரமுங்க. மாடு, கன்னு, மழைன்னு இருக்கும். பேப்பர் கடையிலேயே விட்டுட்டனுங்க" என்றார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். இக்கட்டுரை அவருடைய அந்த ஒற்றை வாக்கியத்துக்கு எதிரானது.

1950 அக்டோபரில் அறிமுகமான இன்லேண்டு கடிதத்தில் உறையும் தாளும் ஒன்றே. அஞ்சல் முத்திரையை வெட்டியெடுத்தால் அதன் பின்பக்கத்தில் உள்ள நான்கைந்து வரிகளும் போய்விடும். நண்பரின் ஆல்பத்தில் அப்படி வெட்டப்பட்ட சதுரங்கள் இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். "...கிணத்துல தண்ணி..." என்று அறுந்து நிற்கிறது. கணவன் எங்கோ எல்லையில் இருக்க, பண்ணையத்தைத் தனியாகத் தாங்கிய ஒருத்திக்குக் கிணற்றில் தண்ணீர் இருந்ததா, வற்றியதா என்பது வீட்டுச் சமாச்சாரம்தானா?

இலக்கிய அன்பர்களாகிய நாமும் யோக்கியர்கள் அல்லர். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாகி, நாம் கண்கலங்கப் படித்தோம். கமலா விருத்தாசலம் தாமே கதைகள் எழுதியவர். அவர் என்ன பதில் எழுதினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? எழுத்தாளர் வீட்டுக் கதியே இது என்றால், சிப்பாய் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கார்கில் போரில், 1999இல், வீரர்கள் எழுதிய கடைசிக் கடிதங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவர்களுடைய சட்டைப்பையில் இருந்த கடிதங்கள் வரவில்லை.

இதில் ஒரு கேவலமும் உண்டு. முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதப் போக்குவரத்தைத் தணிக்கை செய்த அதிகாரிகள், சந்தேகத்தின் பேரில் அவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கைகளாக அனுப்பினார்கள். அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஓமிசி 1999இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு நூலே வெளியிட்டார். பெரும்பாலும் வட இந்தியர் கடிதங்கள், மூலங்கள் போய்விட்டன. ஆயினும் என்ன நிகழ்ந்தது பாருங்கள்: வேவு பார்த்தவன் பத்திரப்படுத்தினான், பேரப்பிள்ளைகள் போகிப் பண்டிகையில் கொளுத்தினார்கள்.

கொங்கு நாட்டுக்கு இதில் தனிக் காரணம் ஒன்றும் இருந்திருக்கலாம். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் தீக்கிரையானது. அதற்காகச் சிறை சென்றவர்கள் நியாயமாகவே தியாகிகள் ஆனார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்து, ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். அவர்களின் மனைவியர் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு "வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போனவன்" என்பதைப் பெருமையாகச் சொல்லும் வீடு எது? டிரங்குப் பெட்டி பரணுக்குப் போனது என்பது என் ஊகம். வயல் வரப்பில் ஆயிரம் ஆண்டு நடுகல் ஒன்று கிடைத்தால் படியெடுக்க ஓடும் நாம், அந்தப் பரணில் ஏறவில்லை.

"அவர்கள் எழுதியவை அல்லவே, வேறு யாரோ எழுதிக்கொடுத்தவை" என்பார் உண்டு. உண்மைதான். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. வாத்தியாரோ தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ எழுதினார்கள். அதனால் என்ன? அந்நிய ஆண் ஒருவன் முன்னே உட்கார்ந்து, புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை அவள் எப்படிச் சொன்னாள் என்பதல்லவா விஷயம்! "இவ்விடம் யாவரும் சேமம்" என்ற வாய்பாட்டுக்கும் "இப்பவும்" என்ற திருப்பத்துக்கும் நடுவில், சினை மாட்டைப் பற்றிய ஒரு வரியில், அவள் தன் ஏக்கத்தை ஒளித்திருப்பாள். பேர் சொல்லக் கூசிய கணவனின் பெயரை முகவரிக்காக யாரோ எழுதினார்கள். அதன்கீழ் ஓர் எண், 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. ஊரின் பெயர் இராது. அவன் இருந்த இடம் அவளுக்குத் தெரியாது.

சேகரிப்போருக்கு ஒரு வார்த்தை. பல கடிதங்களில் ஆங்கில ஆண்டு இராது. "விரோதிகிருது கார்த்திகை" என்று இருக்கும். அது 1971 டிசம்பர்ப் போர்க்காலமாக இருக்கலாம். தமிழ் ஆண்டும் போடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே ஆதாரம். உறையையும் தாளையும் பிரித்தால் இரண்டும் ஊமையாகிவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள். வட்டாரச் சொல்லைத் "திருத்தி"ப் படியெடுக்காதீர்கள். பெருமாள்முருகன் 2000இல் வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1965இல் புதுப்பெண்ணாக இருந்தவருக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். அவரிடம் கேட்காமல் ஒரு வரியையும் அச்சேற்றும் உரிமை நமக்கில்லை. இங்கே சேகரிப்பாளர்களோடு எனக்குச் சமரசம் கிடையாது. எரித்துவிடு என்று அவர் சொன்னால் எரித்துவிட வேண்டியதுதான். பேரன் எரிப்பதும் அவர் எரிக்கச் சொல்வதும் ஒன்றாகுமா?

நண்பரிடம் வெட்டப்படாத இன்லேண்டுகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. விலை சொன்னார். அனுப்பியவர் முகவரி அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டைத் தேடிப் போய் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கத்தரிக்கோலைத் தொடுவதில்லை என்று அவரும் வாக்களித்திருக்கிறார்.