வண்டி அடிக்கடி ஆஃப் ஆகிறதா? செலவு செய்யும் முன் இதைக் கவனியுங்கள்!

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்திலிருந்து சிவகாசிக்கு பைக்கில் வேலைக்குப் போகிறவருக்கு, வழியில் வண்டி நின்றால் அன்றைய கூலியில் துண்டு விழும். திருப்பத்தில் எதிரே லாரி வரும்போது ஆஃப் ஆனாலோ, ஆபத்து உயிருக்கே.

உடனே பிளக், கார்புரேட்டர் என ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்க வேண்டாம். வண்டி எப்போது ஆஃப் ஆகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆஃப் ஆகிறதா?

கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங்குக்கு பெட்ரோல் தரும் ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான். சின்னத் தூசியே அதை அடைத்துவிடும். சோக் போட்டதும் எஞ்சின் சீராக ஓடினால், பெட்ரோல் குறைவாகப் போகிறது அல்லது கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் விரிசல் விழுந்து காற்று அதிகமாக நுழைகிறது என்று அர்த்தம்.

சோக் போட்டால் இன்னும் மோசமாகிறதா, கரும்புகை வருகிறதா? ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கரிசல் மண்ணும், 1970-ல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலையும் உள்ள ஆலங்குளத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. இங்கே ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

கொஞ்ச தூரம் ஓடியபின் நிற்கிறதா?

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போய், வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை. அப்படி இல்லாமல், எஞ்சின் சூடானால் மட்டும் நின்று, ஆறியதும் ஓடினால் இக்னிஷன் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மழைக்குப் பிறகு மிஸ்ஸிங் அடிக்கிறதா?

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்கில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால், இரண்டும் கலந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடிப்பகுதிதான். டேங்கைக் காலி செய்து சுத்தப்படுத்துவதே வழி.

பி.எஸ்.6 வண்டியா?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் இல்லை, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். மிஸ்ஸிங்கோடு பல நாள் ஓட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் விலை அதிகமுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

பட்டாசு ஊர்க்காரர்கள் கவனத்துக்கு...

பிளக்கைக் கழற்றி, கிக்கரை உதைத்து, பொறி வருகிறதா என்று பார்ப்பது பலரின் பழக்கம். பட்டாசு ஆலை, மருந்துக் கிட்டங்கி, பட்டாசுக் கடை அருகே இதைச் செய்யவே கூடாது. வண்டியைத் தொலைவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் ஆபத்து. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும்.

மெக்கானிக்கிடம் போனதும் 'வண்டி நிக்குதுண்ணே' என்று மட்டும் சொல்லாமல், சூட்டிலா குளிரிலா, ஐடிலிங்கிலா ஓட்டத்திலா, கடைசியாக பெட்ரோல் போட்டது எப்போது என மூன்றையும் சொல்லுங்கள். உங்கள் பர்ஸும் தப்பிக்கும். அவர் வேலையும் சுலபமாகும்!