மோட்சம் நிச்சயமாம்

"எனக்கு மோட்சம் நிச்சயம்" என்று எவராவது மார்தட்டும்போதெல்லாம் எங்க ஆத்தாவோட சவப்பெட்டிதான் ஞாபகம் வருகிறது. ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப்போக விடவில்லை. மறித்து நின்றவர்கள் எல்லாம் காலைப் பூசையில் நற்கருணை வாங்கியவர்கள். ஒருத்தர் முகத்திலும் உறுத்தல் இல்லை.

இது என்ன புதுசா? வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில், சாதிக்கொரு காலாகக் கால்சட்டை மாதிரி பிரிந்து கிடந்தது. உள்ளே பிரித்த சுவரை 1910இல் இடித்தார்கள். திரும்ப வேணும்னு வெள்ளாளக் கிறித்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சிலுவையடியில் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

தான் பாவி என்று தெரிந்தவனுக்கு நெஞ்சு குத்தும். தான் நீதிமான் என்று தீர்மானித்துவிட்டவனுக்குக் குத்தாது. ஆயக்காரனைப் போலத் தான் இல்லை என்று நன்றி சொன்ன பரிசேயன் கதையை, எங்கேயோ இருந்த யூதன் கதையாகவே நம்ம பிரசங்கிகள் சொல்லி முடிக்கிறார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் தீர்ந்ததா?

தோழர்களே, நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அருந்ததியர் வீட்டுச் சாவுக்குப் போகாத விசுவாசிகள் நம்ம தெருவிலும் உண்டு. நானும் போனதில்லை. அதனால்தான் மோட்சம் நிச்சயம்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது.