இன்னும் ரெண்டு பரோட்டா வைக்கவா? ஆய்வக எலிகள் சொல்லும் பதில்

சுரண்டைக்காரர்களுக்கு குற்றால சீசன் என்றால் அருவி பாதி, பரோட்டா - சால்னா மீதி. அதில் தப்பே இல்லை. ஆனால் சீசன் சாப்பாடு வருஷம் முழுக்கத் தொடர்ந்தால்?

1976-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்க்லாஃபானி குழு, எலிகளுக்குத் தீவனத்தோடு சாக்லேட், சீஸ், கன்டென்ஸ்டு மில்க் எனக் கடைத் தின்பண்டங்களையும் வைத்தது. யாரும் ஊட்டிவிடவில்லை. விதவிதமாகக் கண்ணெதிரே இருந்ததே போதும், எலிகள் மளமளவெனக் கொழுத்தன.

உள்ளே என்ன நடக்கிறது?

கொழுப்புத் திசு ஒரு குடோன் மாதிரி. மிச்சக் கலோரி வர வர செல்கள் உப்பும். அது தொடர்ந்தால் புதிய கொழுப்பு செல்களும் உருவாகும். எடையைக் குறைத்தாலும் செல்கள் சுருங்குமே தவிர, எண்ணிக்கை லேசில் குறையாது. குடோன் நிரம்பினால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படியும். திசுவில் அழற்சி ஏற்படும். இன்சுலின் சொல்வதை உடல் கேட்காது. சர்க்கரை நோய்க்கான பாதை இதுதான்.

நமக்கு ஏன் கூடுதல் கவலை?

புனே, சிட்னி ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 50 தலைமுறைகள் அரைவயிறாக வளர்ந்த எலிகளுக்குப் பிறகு இரண்டு தலைமுறைகள் போதிய உணவு தரப்பட்டது. அப்போதும் அவற்றின் வளர்சிதை மாற்றக் கோளாறு சரியாகவில்லை.

எலி மனிதன் இல்லைதான். ஆனாலும் கஞ்சி குடித்து வயலில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லேப்டாப் முன் உட்கார்ந்து இரவு 11 மணிக்கு ஃபிரைடு ரைஸ் சாப்பிடுகிறோம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய். தேசிய அளவு 11.4%.

"வாயைக் கட்டு" என்ற அறிவுரை மட்டும் போதாது என்பதே என் கருத்து. கண்ணெதிரே குவித்து வைத்தால் எலியும் சாப்பிடும், நாமும் சாப்பிடுவோம். மாற்ற வேண்டியது தட்டைச் சுற்றியுள்ள பழக்கத்தை. வீட்டில் நொறுக்குத்தீனி டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம். "போதும்" என்பவரை "இன்னும் ஒண்ணு வச்சுக்கோங்க" என வற்புறுத்துவது உபசாரம் இல்லை.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள், ஒல்லியாகத் தெரிபவருக்கும் தொப்பைக் கொழுப்பு இருக்கலாம். ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால், அடுத்த வாரமே ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.