மஞ்சள் காரும் இரண்டு கோணிப்பைகளும்

கோவை கணபதியில் ஒரு வீடு. அப்பா பவுண்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு மூட்டு வலி, மற்றபடி வீடு அவர் கையில்தான் ஓடுகிறது. 27 வயது மகனுக்கு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வாசலில் ஏற்கெனவே ஒரு ஆல்டோ நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு நடுவே மகன் செல்போனை நீட்டினான். தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு மஞ்சள் கார்.

“புது வண்டியா கண்ணு?” என்றார் அம்மா.

“ஹோண்டா சிட்டிம்மா. 2003 மாடல்.”

அப்பா நிமிர்ந்தார். “உன்னைவிட நாலு வயசுதான் சின்னது. என்ன வெலை சொல்றாங்க?”

“ரெண்டே முக்கால் லட்சம்.”

வீடு அமைதியானது. மகனிடம் இருந்த சேமிப்பு 4 லட்சம். மாடி எடுக்கும்போது தன் பங்காகத் தருவதாக அவன் சொல்லியிருந்த பணமும் அதற்குள்தான் இருந்தது.

இருபது வருடம் தாண்டிய காருக்கு ஏன் இத்தனை மவுசு என்று அந்த அம்மாவைப் போலவே பலருக்கும் தோன்றும். ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998-ல். 2000-ல் அதே உடம்புக்குள் 1.5 லிட்டர் ‘விடெக்’ எஞ்சினை வைத்தார்கள். 106 குதிரைத்திறன். அன்றைக்கு நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கக்கூடிய விலையில் அப்படி ஒரு வேகம் அபூர்வம். விடெக் என்பது பெரிய மர்மம் இல்லை. சமையல் அடுப்பில் சிம், ஹை என்று இரண்டு நிலை இருப்பதைப் போல, மெதுவாகப் போகும்போது வால்வுகள் கொஞ்சமாகத் திறக்கும்; எஞ்சின் வேகமாகச் சுழலும்போது தாராளமாகத் திறக்கும். அந்த மாற்றம் நடக்கும் நொடியில் சத்தமே மாறிவிடும். இளைஞர்கள் மயங்குவது அந்தச் சத்தத்துக்குத்தான். 2003-ல் வந்த அடுத்த சிட்டி மைலேஜை நம்பி வந்த வண்டி, 77 குதிரைத்திறன். அதனால் பழைய விடெக்கின் மதிப்பு இன்னும் ஏறியது.

இதே காலத்தில் நம் திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சருக்கும் இப்படி ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. ஜப்பானிய ரேலி நாயகனான ‘எவோ’வைப் போல அதற்கு வேஷம் கட்டி ஓட்டுவார்கள். ஆனால் லான்சருக்கு உதிரிபாகம் தேடி அலைவது தனி வாழ்க்கை. ஸ்கைலைன், சுப்ரா போன்ற அசல் ஜப்பானிய அசுரர்களைப் பழையதாக வரவழைக்கலாமே என்றால், 3 வருடத்துக்கு மேல் வயதான காரை சாதாரணமாக இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ஆக, நம் ஊர்ப் பையன்களின் கனவு பெரும்பாலும் சிட்டியிலோ லான்சரிலோ வந்து நிற்கிறது.

மஞ்சள் காரின் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஹெட்டர்ஸ், கோல்ட் ஏர் இன்டேக், லோயரிங் ஸ்ப்ரிங், 15 இன்ச் அலாய் வீல், பக்கெட் சீட். கடைசியில் ஒரு வரி: ‘செலவு மட்டும் 4 லட்சம், பாதிக்குத் தர்றேன்.’ இந்த வரிக்கு மயங்காதவர் குறைவு. கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த பணத்தைப் போலத்தான் காரை மாற்றிக் கட்டச் செலவழித்த பணமும், திரும்பி வராது. தவிர, பட்டியல் சொல்வது என்ன வாங்கினார்கள் என்பதைத்தான். யார் மாட்டினார், எப்படி மாட்டினார் என்பதை அது சொல்வதில்லை. வாங்குகிறவர் காசு கொடுப்பது அதற்குத்தான்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பவுண்டரி நாளிலிருந்து பழக்கமான மெக்கானிக் வந்து பார்க்க வேண்டும். அவருக்கு அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். காரைச் சுற்றிக்கூட வரவில்லை. நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

“சூடா இருக்குதுங்களே.”

“இப்பத்தானுங்கண்ணா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்” என்றார் விற்பவர்.

“ஆறட்டும். நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்.”

ஒரு டீக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பையனுக்கு எரிச்சல். ஆனால் எஞ்சினின் நிஜ முகம் குளிர்ந்து கிடக்கும்போது சாவி போட்டால்தான் தெரியும். சூடான எஞ்சின் பல வியாதிகளை மறைத்துவிடும். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பியது. ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ரேஸ் மாதிரி முறுக்கி ஓட்டப்படும் எஞ்சின் ஆயில் குடிக்கும். அதைப் பார்த்து ஊற்றாமல் ஓட்டுவதுதான் எஞ்சினைக் கொல்கிறது.

அடுத்து நான்கு ஸ்பார்க் ப்ளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் கேஜை வைத்து அழுத்தம் பார்த்தார். 175, 170, 175, நாலாவது 115. “மூணு பேர் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்யறாங்க, ஒருத்தர் உக்காந்து சாப்பிடறாரு” என்றார். எண் பெரிதாக இருப்பதைவிட நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் இப்படித் தொங்கினால் ரிங்கிலோ வால்விலோ கோளாறு; எஞ்சினைப் பிரிக்காமல் வழியில்லை. பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கப் போகிற யாரும் இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. விற்பவர் ‘வேண்டாம்’ என்றால் அதுவே பதில்.

பிறகு ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். சக்கரம் தொங்கியதும் ஸ்ப்ரிங் அதன் இருக்கையில் லொடலொடவென்று ஆடியது. ‘லோயரிங் ஸ்ப்ரிங்’ என்று பட்டியலில் இருந்தது கம்பெனி ஸ்ப்ரிங்கேதான், கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று அறுத்திருந்தார்கள். கார் தாழ்ந்து அழகாக நிற்கும். ஆனால் பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதாக இறங்கினால் ஸ்ப்ரிங் இடம் மாறிக்கொள்ளும். வேகத்தில் திருப்பத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பையன் கேட்கவும் இல்லை.

டயர் பட்டன் தேயாமல் புதிது போலிருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் 2216. அதாவது 2016-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்த டயர். ரப்பர் இறுகிப்போன டயரில் மழைநாளில் பிரேக் பிடித்தால் நிற்காது. பானெட்டுக்குள் பேட்டரியிலிருந்து நேரடியாக மூன்று ஒயர்கள், ஃபியூஸ் கிடையாது, இன்சுலேஷன் டேப் சுற்றி, கொதிக்கும் ஹெட்டர்ஸ் குழாயை உரசியபடி ஹாரனுக்கும் லைட்டுக்கும் போயின. “இதுதாங்க பயமா இருக்குது” என்றார் மெக்கானிக், அப்பாவைப் பார்த்து. கார் தீப்பற்ற இதைவிடச் சுலபமான வழி வேண்டாம்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். அதில் நிறம் வெள்ளி. கண்ணெதிரே நிற்பது மஞ்சள். எஞ்சின் எண்ணும் பொருந்தவில்லை. பழைய எஞ்சின் போய், வேறொரு சிட்டியின் எஞ்சின் ஏறியிருந்தது. “அதெல்லாம் யாருங்க பார்க்கப்போறாங்க?” என்று சிரித்தார் விற்பவர்.

பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமும் புகையும் வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை போகும். நிறம் மாற்றுவதற்கும் எஞ்சின் மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழி இருக்கிறது. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றினால் போதும். ஏற்றாத காரில் விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடம் கொடுத்தது போல ஆகிவிடும். வேறொரு காரிலிருந்து வந்த எஞ்சினுக்கோ வேறொரு கதை இருக்கும். அது திருட்டு வண்டியாக இருந்தால், பதில் சொல்ல வேண்டியது இப்போது வைத்திருப்பவர்தான்.

பையன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனதுக்குள் அவன் அந்தக் காரை வாங்கி முடித்திருந்தான்.

இரண்டு மாதம் கழித்து பொள்ளாச்சியில் இன்னொரு விடெக் கிடைத்தது. 2002 மாடல், ஆர்.சி.யில் எழுதியிருந்த அதே வெள்ளி நிறம். விற்பவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. சைலன்சர், ஏர் ஃபில்டர், அலாய் வீல், நல்ல கம்பெனி ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும், அவ்வளவுதான் மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பில் ஒரு கோப்பில் இருந்தது. கம்ப்ரெஷன் 180, 180, 175, 180. போர்டிகோ ஓரத்தில் இரண்டு கோணிப்பைகள். பிரித்துக் காட்டினார். காரோடு வந்த பழைய சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி, நான்கு ஸ்ப்ரிங், நட்டு போல்ட்டு வரை அடையாளச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். விலை 3 லட்சத்து 10 ஆயிரம்.

“மஞ்ச வண்டியவிட முப்பத்தஞ்சாயிரம் ஜாஸ்தி. இந்தப் பழைய இரும்புக்கா?” என்று அம்மா கணவரின் காதில் கேட்டார். ஏறக்குறைய அதற்குத்தான்.

விற்பவர் இன்னொன்றும் செய்தார். ‘29, 30 ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்க பார்த்துக்கோங்க’ என்று சொல்லாமல், பெயர் மாற்ற தானே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்தார். விவரம் தெரிந்தவர். கார் கைமாறிய பிறகும் ஆர்.சி.யில் பழைய பெயர் இருந்தால், அந்தக் கார் யாரையாவது இடித்தால் நஷ்ட ஈடு கட்டும் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேகமாக ஓட்டுவதற்கென்றே ஒருவர் வாங்கும் காரை விற்றுவிட்டு, பெயர் மாற்றாமல் நிம்மதியாகத் தூங்க முடியுமா? வாங்கியவரும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். காரின் வயதைப் பார்த்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே கிடைத்தது. சொந்தக் காருக்கு அடிபட்டால் செலவு சொந்தப் பணம்தான்.

சொந்தமான பிறகுதான் செலவு தொடங்கியது. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு மட்டும் கோப்பில் பில் இல்லை. ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் போய்விடும். ஆகவே முதல் வாரமே பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாறின. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2002-ல் செய்த ரப்பர் குழாய்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய்களையும் மாற்றச் சொன்னார் மெக்கானிக். டயர், பேட்டரி, டிஸ்ட்ரிப்யூட்டர் என்று 48,000 ரூபாய் கரைந்தது. இருபது வருடக் காருக்கு, வாங்கும் விலையில் ஆறில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைக்காமல் இறங்கினால் அந்தக் கார் ஷெட்டில்தான் நிற்கும். மாடிக்குச் சொன்ன பணத்தை ஒரு வருடம் தள்ளித் தருவதாக மகன் அப்பாவிடம் ஒப்புக்கொண்டான். அப்பா அதை நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டார்.

முதல் தடவை மருதமலை அடிவாரத்துக்கு அம்மாவை அழைத்துப் போனபோது நான்கு வேகத்தடையில் அடிப்பாகம் உரசியது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, “எனக்குப் பஸ்ஸே போதும் சாமி” என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு கோணிப்பை திறந்தது. கம்பெனி ஸ்ப்ரிங் நான்கும் காருக்குப் போயின. அதே கையோடு மெக்கானிக் பழைய சைலன்சரையும் மாட்டச் சொன்னார். பையன் முகம் சுண்டியது. சத்தம் போச்சு. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த மூன்றாவது கியரில் அழுத்தியபோது அந்த இழுப்பு அப்படியே இருந்தது. தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து ஓடவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சத்தம் வேண்டுமென்றால் அதற்கும் கோவையில் இடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில், ரேஸ் கார்களை உருவாக்கிய எஸ்.கரிவரதன் பெயரில் 2003 முதல் ஓடும் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஊர்ப் பையன்களுக்கு ரேஸ் ஆசை வருவதை யார் தடுக்க முடியும்? ஹெல்மெட் போட்டு, எதிரே வண்டி வராத தடத்தில் 106 குதிரைகளையும் அவிழ்த்துவிடலாம். அவிநாசி சாலையில் அவிழ்த்துவிட்டால் எதிரில் பள்ளிக்கூட ஆட்டோ வரும்.

இனி 2027-ல் எஃப்.சி. இருக்கிறது. 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். ஆய்வாளர் காரைச் சுற்றி வந்து பார்ப்பார், சைலன்சரைப் பார்ப்பார், புகையைப் பார்ப்பார். பையன் அதற்கும் தனியாகப் பணம் சேர்க்கிறான்.

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரண் மேலிருந்த கோணிப்பையை அம்மா கீழே இழுத்தார். உள்ளே பளபளவென்று பெரிய சைலன்சர், தாழ்வான நான்கு ஸ்ப்ரிங்.

“ஏனுங்க, இந்த இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டுரட்டுமா?”

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்தே வந்துவிட்டார். “அதைத் தொடாதே! முப்பத்தஞ்சாயிரம்!”