மத்தி மீன் மேல் விழுந்த பழி

‘கொழுப்பை ஒதுக்கினால் இதயம் பிழைக்கும்’ என்ற பேச்சு காரைக்கால் மீன் அங்காடி வரை வந்துவிட்டது. எண்ணெய் கசியும் மத்தியைத் தள்ளிவிட்டுக் ‘கொழுப்பில்லாத மீன்’ கேட்கிறவர்கள், சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் தயங்குவதில்லை.

மத்தியிலிருந்தே தொடங்கலாம். மிதவை உயிரிகளைத் தின்று அது சேர்த்து வைப்பது ஒமேகா-3 கொழுப்பு. அதில் உள்ள டி.எச்.ஏ. நம் மூளையிலும் விழித்திரையிலும் செல் சவ்வுகளில் அமர்வது. உடம்பு அதைத் தானே மிகக் கொஞ்சம்தான் செய்துகொள்ளும். அங்காடியில் ஒதுக்கப்படுவது இதுதான்.

‘கொழுப்பு வெறும் தொப்பை’ என்பது அடுத்த வாதம். கிராமுக்கு 9 கலோரி தரும் சேமிப்புக் கொழுப்பான ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் இது பாதி பொருந்தும். பாஸ்போலிப்பிடுகள் வேறு சாதி: ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வு அவற்றால் ஆனது. தசையை உதறிப் பேயுருக் கொள்வது காரைக்கால் அம்மையாருக்குக் கைகூடியது. நமக்குச் சவ்வு வேண்டும்.

‘கொலஸ்ட்ரால் விஷம்’ என்கிறார்கள். அதில் பெரும்பகுதியை நம் உடம்பே செய்கிறது. பித்த அமிலம், கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாவற்றுக்கும் அதுவே மூலப்பொருள். எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிடுவது எனக்குச் சிரிப்பைத்தான் தரும். தாவர எண்ணெய் எதிலும் அது சொல்லும்படி இல்லை. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு ரேஷனில் கிடைக்கும் பாமாயிலும் அதே பட்டம் சூடிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரல், கொலஸ்ட்ராலைச் சுமந்து ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து இழுத்துக்கொள்ள ஏற்பிகளை வைத்திருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அவை குறைகின்றன, எல்.டி.எல். ரத்தத்திலேயே தேங்கி நாளச் சுவரில் படிகிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொலஸ்ட்ரால் விஷமல்ல என்று கேட்டதும் எதிர்முனைக்கு ஓடுகிறவர்களும் உண்டு: ‘கொலஸ்ட்ரால் பயமே மருந்துக் கம்பெனிச் சதி.’ இதுவும் நிற்காது. ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், எல்.டி.எல்.லைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. ‘அதுதான் மத்தி சாப்பிடுகிறேனே’ என்று மாத்திரையை நிறுத்துகிறவர் கவனிக்க: மீன் கொழுப்பு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், எல்.டி.எல்.லைக் குறைக்காது.