டாக்டரை கேட்கலாம்... கவுன்சிலரை கேட்கக்கூடாது! கல்லூரி ரேடியோவுக்கு போட்ட பூட்டு எப்போ திறக்கும்?

சென்னை:
கொசு கடிச்சா என்ன காய்ச்சல் வரும் என்று டாக்டரை மைக் முன்னால் உட்கார வைத்து கேட்கலாம். அந்தக் கொசு வளரும் கால்வாயை ஏன் தூர் வாரவில்லை என்று கவுன்சிலரை உட்கார வைத்துக் கேட்டால் வம்பு. கல்லூரி மாணவர்கள் நடத்தும் எப்.எம். ரேடியோக்களின் நிலைமை இதுதான்.

இந்தியாவிலேயே முதல் கல்லூரி ரேடியோ தொடங்கியது நம்ம சென்னையில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் அண்ணா எப்.எம். 90.4 ஆரம்பமானது. பேட்டி எடுப்பது, எடிட்டிங் செய்வது எல்லாம் மாணவர்கள் கற்றுக்கொள்ள நல்ல களம். அக்கம்பக்கத்து குடியிருப்பு பெண்களும் மைக் பிடித்தார்கள். உடல்நலம், படிப்பு, வேலைவாய்ப்பு என்று நிகழ்ச்சிகள் வந்தன.

விதி என்ன சொல்கிறது?

2006-ல் மத்திய அரசு சமுதாய ரேடியோவுக்கு புது விதிமுறை கொண்டு வந்தது. கல்லூரி ரேடியோவும் இதில்தான் வருகிறது. செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் நிகழ்ச்சி எதுவும் கூடாது என்பது அதில் உள்ள கட்டளை.

பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். மழை, டிராபிக், பரீட்சை ரிசல்ட், கரண்ட் கட், தண்ணீர் சப்ளை அறிவிப்பு சொல்லலாம். ஆல் இந்தியா ரேடியோ செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே போடலாம். அதாவது அதிகாரிகள் சொல்வதை திருப்பிச் சொல்லலாம். அதிகாரிகளிடம் திருப்பிக் கேட்கத்தான் வழியில்லை.

எது ஊர் பிரச்சினை, எது அரசியல் என்பதற்கும் தெளிவான கோடு கிடையாது. லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் நிர்வாகமே "எதுக்கு வம்பு" என்று ஒதுங்கிவிடும்.

வெள்ளம் வந்த கதை

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றில் வெள்ளம் புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மக்கள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு ஓடினார்கள். "இது மனிதர்களால் வந்த பேரழிவு" என்று மத்திய தணிக்கை அறிக்கையே 2018-ல் சொன்னது.

கோட்டூர்புரத்துக்கு பக்கத்திலேயேதான் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. "தண்ணி திறக்கப் போறதை எங்களுக்கு ஏன் முன்கூட்டியே சொல்லலை?" என்று அந்த மக்கள் சார்பில் ஒரு மாணவர் பொதுப்பணித் துறை அதிகாரியிடம் ரேடியோவில் கேட்டால், அது நடப்பு விவகாரம் ஆகிவிடும்! அதே கேள்வியை பேப்பரில் எழுதலாம், டி.வி.யில் கேட்கலாம், யூடியூப்பில் காரசாரமாகவே பேசலாம்.

அரசின் பயம் சரியா?

வானலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. ரேடியோ செய்தி தடையை எதிர்த்து 2013-ல் வழக்கும் போனது. கண்காணிக்காமல் செய்தியை அனுமதித்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது மத்திய அரசின் வாதம்.

இந்த பயத்தை ஒரேயடியாக தள்ளிவிடவும் முடியாது. வதந்தி கலவரமாக மாறும். கட்சிக்காரர்கள் மாணவர்களை பகடைக்காய் ஆக்கலாம். ஆனால் கல்லூரி ரேடியோவின் சக்தியே 100 வாட்தான். சில கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தப்பு நடந்தால் ஆதாரத்தோடு பிடித்துவிடலாம். ஊர் பேர் தெரியாத வாட்ஸ்அப் வதந்தியில் அதற்கு வழி உண்டா?

தனியார் எப்.எம்.களுக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல அனுமதி தரலாம் என்று டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரை செய்தது. பாட்டு போட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கும் ரேடியோவுக்கு 10 நிமிடம் என்றால், லாபமே பார்க்காத மாணவர் ரேடியோவுக்கு 5 நிமிடமாவது தரக்கூடாதா?

அதுவும் டெல்லி அரசியல் பேச வேண்டாம். வார்டு விவகாரம் போதும். குழாயில் தண்ணி வருதா, ரேஷன் கடையில் எடை சரியா, சாக்கடை எப்போ சரியாகும் என்று கேட்கட்டும். புகார் சொல்பவர், பதில் சொல்பவர் இருவரையும் பேச வைக்க வேண்டும் என்று கட்டாயம் போடலாம்.

18 வயதில் ஓட்டு போடலாம் என்கிறது சட்டம். ஓட்டு வாங்கியவரை மைக்கில் கேள்வி கேட்க மட்டும் ஏன் தடை?